வியாழக்கிழமைத் தையல்

“தையல் கிளாஸ்லதாங்க இருக்கேன். மிஷின் ஓடுற சத்தம் கேக்கலியா?” என்றாள் கலைப்பிரியா, போனில்.

புகழேந்திக்குக் கேட்டது. அது லாரிச் சத்தம்.

விழுப்புரத்தில் தைத்துக்கொண்டிருக்க வேண்டிய மனைவி, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வேன் மறைவில் நின்றிருந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் அவன்.

வகுப்பை மூடியே ஒரு வருஷம் ஆகிறதாம். அவன் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு நேற்று வந்த தையல் டீச்சரே சொன்னாள். இன்று கலைப்பிரியா ஏறிய பஸ்ஸில் பின்படி வழியாக அவனும் ஏறிவிட்டான்.

“என்னா தைக்கிறே?”

“ஜாக்கெட்டுங்க. கை வெச்சுக்கினு இருக்கேன்.”

“கொஞ்சம் திரும்பிப் பார்த்துட்டு வை.”

திரும்பினாள். போனைக் காதிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

“எவ்ளோ நாளா இந்தப் பொய்?” என்றான் அருகே வந்து.

“ஒரு வருஷமா. வியாழக்கிழமை மட்டும்தாங்க.”

“இந்தப் பக்கமே வர மாட்டோம்னு கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணோமே. கிருஷ்ணவேணி அக்கா கண்ல பட்டா என்னா ஆவும்? புள்ளையத் தூக்கிக்கினு ஊரை விட்டே போயிடுவாங்க. அப்புறம் எங்க போய்த் தேடுவே?”

இரட்டைப் பெண்கள் பிறந்தபோது அவனுக்கு வேலை இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு, இன்னொன்றை, பிள்ளையில்லாத தூரத்துச் சொந்தமான கிருஷ்ணவேணிக்குத் தத்துக் கொடுத்தார்கள். ஆறு வருஷமாகிறது.

“உங்களுக்கென்னா, குடுத்தோம், முடிஞ்சிதுன்னு இருக்கீங்க. ஒரு நாளாவது அவளைப் பத்திப் பேசியிருக்கீங்களா?” கலைப்பிரியா பள்ளிக்கூடக் கேட்டைப் பார்த்தாள். “நம்ம அஸ்வினிக்கு முந்தாநாள் முன்பல் விழுந்துச்சு. இவளுக்கும் விழுந்திருக்கான்னு பார்க்கணும். சிரிச்சா தெரிஞ்சிடும். பார்த்துட்டு வந்துடறேங்க.”

“ஒண்ணும் பார்க்க வேணாம். வாரா வாரம் புருஷன்கிட்ட பொய் சொல்லிக்கினு திரியறவளை நம்பி நான் எப்படிக் குடும்பம் நடத்தறது? ஜல்தி நட.”

பெல் அடித்தது. பிள்ளைகள் கேட்டை முட்டிக்கொண்டு வெளியே வரத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

வேனுக்கு அந்தப் பக்கம், தள்ளுவண்டியில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“என்னா சார், செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமைதானே வந்து நிப்பீங்க, இன்னிக்கும் வந்துட்டீங்க? இருங்க, நீங்க பார்க்கிற பாப்பா இன்னும் வெளிய வரல.”