வலைப்பூ சேர்

"இரசாயனவியலுக்கு டீச்சர் இல்லாமலே நாலு மாசம். ஆனா முன்னோடிப் பரீட்சையில ஒருத்தரும் ஃபெயில் இல்ல சேர்!" என்றார் உப அதிபர் நவ்ஷாத்.

அதிபர் இல்யாஸ் நம்பவில்லை. "அப்ப படிப்பிச்ச ஆள் ஆரு?"

"ஒரு வலைப்பூ சேர். ஒவ்வொரு நாளும் பாடம் வருது. புள்ளைகள் பின்னூட்டத்தில சந்தேகம் கேட்டா உடனே பதிலும் வருது. பேர் போடல்ல. கொழும்புச் சேர் எண்டு கதைக்கிறாங்க."

"ஜெஸீலா டீச்சர் லீவுல போய் நம்மளக் கவுத்துட்டாங்க எண்டு நினைச்சன். அவங்கள வேற ஸ்கூலுக்கு மாத்திட்டு இந்த மனிசனக் கொண்டு வருவம்."

அதிபரே வலைப்பூவில் எழுதினார்: "சேர், எங்கள் பாடசாலைக்கே வந்து கற்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்."

சற்று நேரத்தில் பதில் வந்தது. நவ்ஷாத் சத்தமாக வாசித்தார்.

"ஞாயிறு வர முடியாது சேர். கணவர் மௌத்தானதிலிருந்து வீட்டுக்குள் துக்கம் காக்கும் என் இத்தாக் காலம் அன்றுதான் முடிகிறது. திங்கட்கிழமை வழமைபோல் வகுப்புக்கு வருவேன். ஜெஸீலா."

அதிபர் கதிரையை விட்டு எழுந்தார்.

"நவ்ஷாத், திங்கக்கிழமை முழு வகுப்பையும் கேற்றடியில நிப்பாட்டுங்க. முன்னுக்குப் பொன்னாடையோட நான் நிக்கிறன்."