மணிக்கொரு டம்ளர்

"பில்லிங் அக்காவுக்கு கிட்னியில கல்லு. சரி, நம்பறேன். சட்டை கவுண்டர்ல நாலு பேருக்குமா? திரைச்சீலை பக்கம் அத்தனை பேருக்குமா? நாங்க நடத்துறது துணிக்கடையா, கல் குவாரியா?"

ஹோமியோபதி டாக்டரின் மேஜை முன்னால் நின்று பொரிந்து தள்ளினார் சூப்பர்வைசர்.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

அந்தக் கடையில் சாப்பாட்டு நேரம் தவிர யாரும் கவுண்டரை விட்டு நகரக் கூடாது. முதலாளி போட்ட சட்டம். அதற்குக் காவல் சூப்பர்வைசர். பாத்ரூம் போக முடியாதே என்று பயந்தே பெண்கள் தண்ணீரைத் தொடமாட்டார்கள்.

பில்லிங் அக்கா வலியில் சுருண்டு விழுந்த அன்றுதான் முதலாளி முதன்முதலாக இறங்கி வந்தார். 'மணிக்கொரு தடவை இரண்டு உருண்டை, ஒரு டம்ளர் தண்ணீர். பாத்ரூம் போகத் தடை கூடாது' என்ற இந்த டாக்டரின் சீட்டுக்குத் தலையாட்டினார்.

போன மாதம் அக்காவுக்குக் கல் விழுந்தது. ஸ்கேனில் சுத்தம். கடையே கைதட்டியது. அடுத்த வாரமே ஆளுக்கொரு உருண்டை டப்பா!

"சிரிக்காதீங்க டாக்டர். எங்கம்மா காலம்பூரா ஹோமியோபதிதான். உருண்டையை நாக்குல வச்சுக் கரைக்கணும், அரை மணி நேரம் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாதும்பாங்க. நீங்க டம்ளர் டம்ளரா குடிக்கச் சொல்றீங்க. போலி டாக்டர்னு இப்பவே முதலாளிகிட்ட சொல்றேன். டப்பா எல்லாம் குப்பைக்குத்தான்!"

"உங்கம்மா சொல்றது ரொம்பச் சரி சார். ஆனா அது மருந்துக்கு."

"அப்ப இது?"

"வெறும் சர்க்கரை உருண்டை. பைசா வாங்கலை. மத்த பொண்ணுங்க யாருக்கும் கல்லே இல்லை. ஆனா இப்படியே தண்ணி குடிக்காம நின்னா வராம இருக்குமா? தண்ணி குடிக்கறேன்னா உங்க கடையில விடமாட்டீங்க. மருந்து சாப்பிடறேன்னா விடறீங்க. வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

காலையிலிருந்து சூப்பர்வைசருக்கும் தொண்டை வறண்டுதான் கிடந்தது. கொஞ்ச நாளாக விலாவுக்குக் கீழே சுருக்சுருக்கென்று வேறு குத்திக்கொண்டிருந்தது.

மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டர்… எனக்கும் ஒரு டப்பா குடுங்க. நல்ல பெரிசா. முதலாளி சட்டம் எனக்கும்தான்."