டிப்ஸ் வைக்காத மாப்பிள்ளை

"இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது."

காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார் பாண்டியராஜன்.

பின்சீட்டில் இருந்த மனைவி கனகலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் மகள் தமிழ்ச்செல்விக்கு முகம் செத்துவிட்டது.

நிச்சயமாகும் முன் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பது வழக்கமில்லை. அதனால்தான் இரு வீட்டாரும் கோரிப்பாளையத்து ஓட்டல் ஒன்றில், மாடி ஏசி ஹாலில் சந்தித்தார்கள். சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறார்கள். அதற்குள் இப்படி!

"ஏங்க, பையனுக்கு என்ன குறை? இஞ்சினியரு. பில்லைக்கூட உங்களைத் தொட விடாம அவரே கட்டினாரு."

"கட்டினான்ல? சர்வருக்கு என்ன வச்சான்?"

கனகலட்சுமி விழித்தாள்.

"ஒத்தை ரூபா வைக்கலை! அந்தச் சர்வர் பரீத், பாவம், ஓடி ஓடிப் பரிமாறினான். சோம்புத் தட்டைக் கொண்டாந்து வச்சுட்டு நிக்கிறான். இவன் சோம்பை மட்டும் அள்ளி வாயில போட்டுக்கிட்டு எந்திரிச்சுட்டான். எனக்கு மானமே போச்சு. நான்தான் இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்."

கொடுத்தது உண்மை. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிற உயரத்தில் நோட்டைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுத்தான் பரீத்தின் கையில் வைத்தார். பேரையூரில் பருத்தி மண்டி வைத்திருப்பவர். அவர் கொடுத்தது நாலு பேருக்குத் தெரியாமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

வைகைப் பாலம் தாண்டியும் அவர் ஓயவில்லை.

"ஏன் மாப்ள வைக்கலைன்னு கேட்டேன். அதுக்கு அந்த முத்துக்குமரன் என்ன சொன்னான் தெரியுமா? 'சம்பளம் அவரோட உரிமை மாமா, டிப்ஸ் நம்ம தயவு. நாம தயவு காட்டிக்கிட்டே இருந்தா, ஓட்டல்காரர் உரிமையைக் கொடுக்காமலே காலத்தை ஓட்டிருவாரு'ங்கிறான். கஞ்சத்தனத்துக்குக் கொடி பிடிக்கிறான்!"

"அவர் சொன்னதுல என்னப்பா தப்பு?" என்றாள் தமிழ்ச்செல்வி மெதுவாக. "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

"பிடிக்கும்மா, பிடிக்கும். நாளைக்கு உனக்குப் பூ வாங்கிக் கொடுக்கிறதுக்கும் கொள்கை பேசுவான். அப்பத் தெரியும். சர்வருக்கு டிப்ஸ் வைக்கணும். அது முறை. அதுல தெரிஞ்சுபோகும் ஒருத்தனோட மனசு."

"அப்ப சோலை அண்ணனுக்கு வெளியூர் வந்தா பேட்டா கொடுக்கிறது மட்டும் முறை இல்லையா?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சோலை கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

பாண்டியராஜன் வாய்விட்டுச் சிரித்தார்.

"சோலை யாரு? நம்ம வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளைக்கு எவனாவது பேட்டா கொடுப்பானா? கொடுத்தா அவனை அவமானப்படுத்துற மாதிரி ஆயிரும். என்னடா சோலை?"

"ஆமா மொதலாளி."

"கேட்டுக்க!"

தமிழ்ச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனகலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாகத் தேடி, மகள் வாய் திறந்து "சரி" என்று சொன்ன முதல் வரன் இது.

திருமங்கலம் நெருங்கும்போது தரகர் பேயாண்டி போனில் வந்தார். பாண்டியராஜன் ஸ்பீக்கரில் போட்டார். "வேண்டாம்" என்று தான் சொல்வதை எல்லாரும் கேட்கட்டுமே!

பேயாண்டி பேச விட்டால்தானே?

"அண்ணே, மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம்! தை மாசமே வச்சுக்கலாம்ங்கிறாங்க. அந்தப் பையன் லேசுல மசியிற ஆளில்லைண்ணே. ரெண்டு பெரிய இடத்தை வேணாம்னு உதறிட்டு வந்தவன்."

"எதுக்காம்?"

"பொண்ணு வீட்டுல வேலை பார்க்கிற ஆளுககிட்டத் தனியாப் பேச்சுக் கொடுப்பானாம். அவுகளைச் சரியா நடத்தலைன்னு தெரிஞ்சா, நகை எம்புட்டுப் போட்டாலும் வேணாம்னுருவானாம். இன்னைக்குக்கூட எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கீழே இறங்கி வந்து உங்க டிரைவர்கிட்டப் பேசியிருக்கான். அப்புறம் அவங்கம்மாகிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னான். 'பொண்ணோட அப்பா தங்கமான மனுசர்'னுட்டான்!"

பாண்டியராஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையை ஒருதரம் தடவிக்கொண்டார்.

"சரி பேயாண்டி. நல்ல நாளாப் பாருங்க."

போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பினார். "பையன் விவரமானவர்தான். ஆளை எடை போடத் தெரிஞ்சிருக்கு" என்றார். 'அவன்' போய் 'அவர்' வந்துவிட்டது. கனகலட்சுமி வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கினாள். தமிழ்ச்செல்வியின் முகத்துக்கு உயிர் திரும்பியது.

"டேய் சோலை, கமுக்கமா இருக்கியே! மாப்பிள்ளை உன்கிட்ட என்னடா கேட்டாரு?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு மொதலாளி. 'சாப்பிட்டீங்களாண்ணே'ன்னு."

"அம்புட்டுத்தானா? நீ என்ன சொன்ன?"

சோலை பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'மொதலாளி என்னைய மொதல்ல சாப்பிட வச்சுட்டுத்தான் மாடிக்கே போனாரு'ன்னு சொல்லிட்டேன். பாப்பா கல்யாணமாச்சே... என் பசியைப் பாத்தா முடியுமா, மொதலாளி?"