ஏறாத ரத்தம்

எட்டுப் புள்ளி ஒன்று.

செந்தமிழ்ச்செல்வி ரத்த அளவு பார்க்கும் கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான். போன மாதமும் அதேதான்.

எதிரே ஸ்டூலில் சுபஸ்ரீ, ஊசி குத்திய விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. உதடு வெளுத்துக் கிடந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவள், இப்போதெல்லாம் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்கிறாள்.

"மாத்திரய இன்னா பண்ற சுபா? உண்மையச் சொல்லு. எங்கனா வீசிட்டியா?"

"இல்லீங்க நர்சம்மா. ஒரு நாள் வுடாம போட்டுக்கினுதான் இருக்கேன்."

செந்தமிழ்ச்செல்வி நம்பவில்லை. பதினான்கு வருடமாகக் கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்களில் கிராம நர்சாக நடக்கிறவள் அவள். இரும்புச்சத்து மாத்திரையை அட்டையோடு கூரையில் செருகி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறாள், வாய்க்காலில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறாள்.

போன வருடம் சுபஸ்ரீயின் தெருவிலேயே ராதிகா என்று ஒருத்தி. பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் கண்ணை மூடிவிட்டாள். அவளுக்கும் ரத்த அளவு ஒன்பதைத் தொடவே இல்லை.

அதிலிருந்து இந்த எண்ணைப் பார்த்தாலே செந்தமிழ்ச்செல்விக்குக் கோபம்தான் முதலில் வரும். பயம் அதற்குப் பிறகு வரும்.

"சாரண்ட வந்து சொல்லு, வா."

செவ்வாய்க்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். டாக்டர் தீனதயாளனின் அறை வாசலில் பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள். கதவு திறந்தே கிடந்தது.

சீட்டைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளிக்குப் போறது கறுப்பா போவுதாம்மா?"

சுபஸ்ரீ கூச்சத்தோடு தலையாட்டினாள். "தார் மாதிரி போவுதுங்க."

"அப்ப மாத்திர உள்ள போயிட்டுதான் இருக்கு. இந்தப் பொண்ண சந்தேகப்படாதீங்க," என்றார் டாக்டர், செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்து.

அவளுக்குக் காது சுட்டது.

டாக்டர் சீட்டின் பின்புறம் ஒரு வயிற்றை வரைந்தார். அதிலிருந்து வளைந்து இறங்கும் குடலின் தொடக்கத்தில் பேனாவை வைத்தார்.

"மாத்திர வயித்துல கரையும். அதுல இருக்குற இரும்பு பெரும்பாலும் இந்த ஒரு சாண் எடத்துலதாம்மா ரத்தத்துல ஏறும். இதத் தாண்டிடுச்சின்னா கறுப்பா வெளிய வந்துடும். உனக்கு ஏற வேண்டிய எடத்துல ஏறல. எதோட போடற?"

"காலையில வேலைக்குக் கெளம்பறப்ப டீயோடங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலை எடுக்க விடாது என்றார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ரெண்டு மணி நேரம் டீயே கூடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டிருந்தால் இந்நேரம் ஏறியிருக்கும்.

மூன்று மாதம். ஒரு நாள் தவறாமல் விழுங்கிய அவ்வளவு இரும்பும் மண்ணுக்குத்தான் போயிருக்கிறது.

"டீயோட போடச் சொன்னது யாரும்மா?"

பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது.

சுபஸ்ரீ தரையைப் பார்த்தாள். செந்தமிழ்ச்செல்வி பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"எங்க மாமியாருங்க."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டாக்டரும் பெருமூச்சு விட்டார். இனி மாத்திரையை நம்பிக்கொண்டிருக்க நேரமில்லை, இரும்பை நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம் என்று எழுதினார். பிறகு செந்தமிழ்ச்செல்வியிடம், "நாளைக்கே போயி அந்த மாமியார்கிட்ட பேசிடுங்க," என்றார்.

"சரிங்க சார்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

பக்கத்து அறையில் சுபஸ்ரீயைப் படுக்கவைத்து, கையில் ஊசியைச் செருகி, சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தாள். விழுந்தது. அங்கிருந்து நகர முடியவில்லை.

"ஏன் அப்டிச் சொன்ன?"

சுபஸ்ரீ சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அத்தன பேரு எதிர்ல உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா? எங்க தெருவுக்கு நடந்து வர்றது நீங்க ஒருத்தருதாங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் கவியரசனின் அம்மா, அவன் மூன்றாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டவள். அந்த வீட்டில் மாமியார் என்று யாரும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் அந்த வீட்டு வாசலில்தான், போட்ட மாத்திரையை சுபஸ்ரீ அப்படியே வாந்தி எடுத்தாள். செந்தமிழ்ச்செல்விதான் அடுப்படியில் இருந்த டீ டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இதோட முழுங்கு, கொமட்டாது."

டீ கூடாது என்று பயிற்சியில் படித்ததுதான். எப்படியாவது மாத்திரை உள்ளே போய் இறங்கினால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதன் பிறகு வாந்தியும் வரவில்லை. நல்ல யோசனை சொன்னோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

செந்தமிழ்ச்செல்வி எழுந்து டாக்டரின் அறை வாசலுக்குப் போனாள். உள்ளே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு இன்னும் நிறைந்தே இருந்தது.

எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"சார், அந்த மாமியார் நான்தாங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"இன்னும் ஒம்போது பேருக்கு இதையே சொல்லி வெச்சிருக்கேன். அதுல நாலு பேரு இதோ, இந்த பெஞ்சிலதான் இருக்காங்க."