உப்புத் திருடன்

"டாக்டர், இவரைக் கொஞ்சம் மிரட்டி வைங்க" என்று சொல்லிக்கொண்டேதான் மகள் உள்ளே நுழைந்தாள். கட்டுப் போட்ட இடது கை கழுத்திலிருந்து தொங்கியது. வலது கை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தது.

எலும்பு டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவளா உட்காருவாள்?

"மாத்திரை டப்பாவுல உப்பு வச்சிருக்கார் டாக்டர். திங்கள், செவ்வாய்னு எந்த அறையைத் திறந்தாலும் உப்பு. பிரஷர் இருக்கிற மனுஷன் செய்யிற வேலையா இது?"

"புதன்ல மாத்திரைதாம்மா இருக்கு" என்றார் அப்பா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை இந்தப் பாழாய்ப்போன பிரஷர்தான் கொண்டுபோனது. மிச்சம் இருப்பது இவர் ஒருத்தர். இவரையும் பறிகொடுக்க அவளால் முடியாது. அதனால்தான் வீட்டில் உப்பு என்ற பேச்சே கிடையாது.

"என் கையைப் பாருங்க. பக்கத்து வீட்டு அடுப்படியில நின்னு உப்பு வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தார். பிடிக்க ஓடினேன், படியில தடுமாறி விழுந்தேன். போன தடவை கால் விரல், இப்போ கை. எல்லாம் இவரால."

"ரெண்டே படிதாம்மா" என்று முனகினார் அப்பா.

"நீங்க பேசாதீங்கப்பா. உங்களுக்காக நானும் அதே உப்பில்லாத சாப்பாட்டைத்தானே சாப்பிடுறேன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

கால் சென்டரில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய தொண்டை. மூச்சு வாங்க நிறுத்தியபோது பாட்டிலைத் திறந்து தண்ணீரை மடமடவென்று குடித்தாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஒரு கவரை எடுத்து மேசையில் போட்டாள்.

"எனக்கு ரத்த டெஸ்ட் பண்ணச் சொன்னீங்க. இவருக்கும் சேர்த்தே எடுக்க வச்சேன். எவ்வளவு உப்புத் தின்னிருக்கார்னு இன்னிக்கு வெட்ட வெளிச்சமாகட்டும்."

டாக்டர் கவரைப் பிரித்தார். ஒரு தாளைப் பார்த்து ஓரமாக வைத்தார். இன்னொன்றை இரண்டு தடவை படித்தார்.

"ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சிருக்கா?"

"ஆமா. இப்படிக் குறைஞ்சா நடை தள்ளாடும், சும்மா சும்மா விழ வைக்கும். எலும்பும் உள்ளுக்குள்ளேயே வலுவிழந்துக்கிட்டு வரும். இன்னும் இறங்கினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே அட்மிட் பண்ணணும்."

மகள் தொப்பென்று உட்கார்ந்தாள். வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு நானே உங்களைக் கொல்லப் பார்த்திருக்கேனேப்பா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்குங்க, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். டாக்டர், எங்கப்பா பிழைச்சிடுவாரா?"

டாக்டர் அந்தத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்பா நல்லாத்தான் இருக்கார். இது உங்க ரிப்போர்ட்மா."