பெட்டி திறக்கும் நாள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டிக்குள் உறையைப் போடப் போன மாத்ருபூதம், விலாசத்தைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கையில் இருந்தது தப்பான உறை.

விஷயம் இதுதான். பொதுமக்கள் சேவையை மேம்படுத்த யோசனை சொல்லுங்கள், முதல் பரிசு இருநூற்றைம்பது ரூபாய் என்று சர்க்கார் ஒரு போட்டி வைத்திருந்தது. நயா பைசா வந்த புதிது. எதையாவது மேம்படுத்தாமல் சர்க்காருக்குத் தூக்கம் வராத காலம். மாத்ருபூதம் குமாஸ்தாவாக இருந்த ஆபீஸ் வராந்தாவிலும் டிசம்பர் ஐந்தாம் தேதி ஒரு சிவப்புத் தகரப் பெட்டியை மாட்டினார்கள். ஆணி அடிக்கும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான்.

ஊழியர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. ஆனால் அகிலாண்டம் ஊழியர் இல்லையே! பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பின்பக்கமும் எழுதி வைத்தால், ஜனங்கள் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று மனைவி பெயரில் ஒரு யோசனை எழுதினார். அவளிடம் சொல்லவில்லை. பரிசு வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

எழுதிய சூட்டோடு இன்னொன்றும் எழுதினார். அது மேலதிகாரி வெள்ளைச்சாமியைப் பற்றிச் சென்னைக்குப் போக வேண்டிய மொட்டைக் கடிதம். ஐயா பதினோரு மணிக்கு முன்னால் வருவதில்லை, எந்த ஃபைலையும் படிப்பதில்லை, ஆபீஸில் எந்த ஆதாயம் வந்தாலும் அது மச்சினன் பிச்சைமுத்துவின் வீட்டுக்குத்தான் போகிறது என்று இரண்டு பக்கம். பெயர் போடவில்லை. ஆனால் சொந்தக் கையெழுத்து. சென்னையில் யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்ற தைரியம்.

இரண்டையும் ஆபீஸில் சுட்ட ஒரே மாதிரிப் பழுப்பு உறைகளில் போட்டு ஒட்டினார். போட்டிக்குக் கடைசி நாளான சனிக்கிழமை சாயந்திரம், பெட்டியருகே போனபோது வெள்ளைச்சாமி பின்னாலேயே வந்துவிட்டார். பதற்றத்தில் ஒன்றை உருவிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு நடையைக் கட்டினார்.

தள்ளியது எது என்று இப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அதிகாரி முன்னிலையில் பெட்டி திறக்கப்படும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. வெள்ளைச்சாமியோ பதினோரு வருஷமாக அந்தக் கையெழுத்தைப் பார்க்கிற மனிதர். எந்த ஃபைலையும் படிக்காதவர்தான். தன்னைப் பற்றிய கடிதத்தைப் படிக்காமல் விடுவாரா? வேலை போய்விடும். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை வைகுண்ட ஏகாதசி. ஊரே சொர்க்கவாசலுக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தது. ஆபீஸ் காவல்காரன் சின்னையாவும் போயிருந்தான். உச்சிவேளையில் மாத்ருபூதம் சாக்கும் குறடுமாக வந்து நான்கு ஆணிகளையும் பிடுங்கினார். பூட்டை உடைக்கப் பொறுமையில்லை. பெட்டியை அப்படியே சாக்கில் போட்டு, மேலே நாலு கீரைக்கட்டை வைத்துப் புத்தூர் பஸ் ஏறினார்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஏகாதசி டூட்டி முடிந்து வந்த போலீஸ்காரர். நல்ல மனுஷன்.

"கொடுங்க சார், மடியில வச்சுக்கிறேன்" என்று சாக்கை வாங்கிக்கொண்டார். "என்னங்க இது, கீரை இந்தக் கனம் கனக்குது?"

"அடியில டப்பா இருக்குங்க. சம்சாரம் கேட்டா."

புத்தூர் வரைக்கும் திருட்டுச் சொத்தைப் போலீஸ் மடியிலேயே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

அகிலாண்டம் கோயிலுக்குப் போயிருந்தாள். பூட்டை உடைத்தார். முப்பத்தோரு உறைகள். தன்னுடையதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. மற்றவற்றைச் சும்மா புரட்டினார். ஆஸ்பத்திரியில் நம்பர் சீட்டுக் கொடுத்தால் கைக்குழந்தையோடு விடிகாலையிலிருந்து வரிசையில் நிற்க வேண்டாம் என்று இருளாயி என்பவள் யாரையோ பிடித்து எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்திருந்தாள். மாத்ருபூதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் ஒருவனுடைய பயத்துக்கு முப்பது பேருடைய யோசனை பாழாகிறதே! ஆனாலும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ளினார்.

திங்கட்கிழமை ஆபீஸில் போலீஸ் நிற்கும் என்று நினைத்துப் போனார். சுவரில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செவ்வாய், புதன் போயின. சோறு இறங்கவில்லை. இதற்குப் பேசாமல் மாட்டியே இருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

பத்தாம் நாள் வெள்ளைச்சாமி கூப்பிட்டனுப்பினார்.

"கதவைச் சாத்திட்டு வாங்க, மாத்ருபூதம். அந்தப் பெட்டி விஷயம்."

மாத்ருபூதம் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்தார். "சார், எனக்கு மூணு குழந்தைங்க..."

"அதுக்கென்ன இப்போ? இதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடுங்க. மெட்ராஸுக்குப் போகணும்."

டைப் அடித்த அறிக்கை. சாட்சிகள் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டதாம். வந்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு யோசனைகளும் ஒன்று விடாமல் படித்துப் பார்க்கப்பட்டனவாம். முதல் பரிசு திரு. பிச்சைமுத்துவுக்கு. அவருடைய யோசனை, 'சர்க்கார் அலுவலகங்களில் தாமதத்தை ஒழிப்பது எப்படி?'

மாத்ருபூதம் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி எழுத வேண்டுமே என்று தாளின் தலைப்பைப் பார்த்தார்.

தாமதம் ஒழிந்துதான் போயிருந்தது: ஐந்தாம் தேதி சுவரில் மாட்டிய பெட்டியை, அதே டிசம்பர் மூன்றாம் தேதியே திறந்து, படித்து, பரிசையும் முடிவு செய்திருந்தார்கள்.