நாலாவது பாட்டின் மௌனம்

பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் மாலை வெயில் கார் ஷெட்டுக்குள் ஊர்ந்து வந்து, சுவரில் சாய்த்து வைத்த பழைய சோல் இசை ஆல்பத்தின் உறையைத் தொடுகிறது. உறையில் அடர்ந்த முடியோடு டிரம்ஸ் முன் இருக்கும் இளைஞன்தான் இங்கே வழுக்கைத் தலையோடு டிரம்ஸ் முன் உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிடாரோடு நிற்பவர் அவருடைய மாப்பிள்ளை. கல்யாணத்தில் காட்டாத முறுக்கையெல்லாம் இந்த ஆல்பத்தின் மீது காட்டுபவர். அதன் நாலாவது பாட்டைப் பாதியில் நிறுத்துகிறார். “மாமா, அங்க நிக்காம போயிட்டீங்க. ஆல்பத்துல ஒரு மௌனம் வரும், நடுவுல டக்குனு ஒரு சத்தம். அதை நான் கிடார் கட்டையில தட்டிக்கிறேன்.” “அது மௌனம் இல்ல மாப்ள. அன்னிக்கு ரெக்கார்டிங்ல கை வேர்த்துக் குச்சி நழுவிடுச்சு.” “இருக்கட்டும் மாமா. இதை வாசிக்கிற எல்லாருமே அங்க நிறுத்துறாங்க. நீங்க மட்டும் ஏன் மாத்துறீங்க?” மாமா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். பாட்டு மறுபடி தொடங்குகிறது. டிரம்ஸின் பித்தளைத் தட்டு விளிம்பில் வெயில் நடுங்குகிறது. அந்த இடம் வந்ததும் மாப்பிள்ளை கிடார் கட்டைமேல் விரலை ஓங்குகிறார். மாமா குச்சி பிடித்த கையை விரிக்கிறார். குச்சி சிமெண்டுத் தரையில் விழுகிறது. ஆல்பத்தில் கேட்கும் அதே சத்தம். மாப்பிள்ளையின் விரல் ஓங்கியபடியே நிற்கிறது.